மெக்சிகோவின் பழைய தேவாலயங்களில் மரச் சுரூபங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் காலத்துச் சுரூபங்களைப் பற்றிய பக்கம் இது?

1521இல் ஸ்பானியர்கள் அஸ்டெக் தலைநகரான டெனோச்டிட்லானைப் பிடித்தார்கள். 1821இல் மெக்சிகோ விடுதலை பெற்றது. இடைப்பட்ட முந்நூறு ஆண்டுகளில் செய்யப்பட்ட சுரூபங்கள், அதாவது கிறிஸ்து, மாதா, புனிதர் சிலைகள்தான் இங்கே பேச்சு. முதலில் வந்தவை ஸ்பெயினிலிருந்து கப்பலேறி வந்தவை. ஸ்பானியத் தளபதி கொர்த்தேஸின் படைவீரர் ஒருவர் கையோடு கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ரெமேதியோஸ் மாதா அவற்றில் பேர்பெற்றது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், அவ்வளவுதான். மழை பொய்த்தால் இந்த மாதாவைத்தான் மெக்சிகோ நகருக்குள் பவனியாகத் தூக்கி வருவார்கள். 1810இல் விடுதலைப் போர் வெடித்தபோது கிளர்ச்சிக்காரர்கள் குவாதலூப்பே மாதாவின் கொடியைப் பிடித்தார்கள்; அரச படையோ ரெமேதியோஸ் மாதாவைத் தன் பக்கம் நிறுத்திக்கொண்டது. ஒரே தாய், இரண்டு பாசறை.

தேவாலயங்கள் பெருகப் பெருக, கப்பலை நம்பிக்கொண்டிருக்க முடியவில்லை. உள்ளூரிலேயே செதுக்கத் தொடங்கினார்கள்.

எந்த மரத்தில் செதுக்கினார்கள்?

அதிகம் பயன்பட்டது அங்கே 'செத்ரோ' என்று அழைக்கப்படும் மரம். பேரைப் பார்த்து இமயமலைத் தேவதாரு என்று நினைத்துவிட வேண்டாம். இது வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. செதுக்க எளிது, மணம் உண்டு, பூச்சி அவ்வளவாக அண்டாது. மலைப்பகுதிகளில் ஆயாகவித்தே என்ற பைன் வகை. எடை குறைவாக வேண்டும் என்றால் கொலொரின் மரம். இது நம் ஊர்க் கல்யாண முருங்கையின் நெருங்கிய உறவு; அதே சிவப்புப் பூ, அதே மெத்தென்ற கட்டை.

பெரிய சுரூபம் என்றால் ஒரே கட்டையில் செய்வதில்லை. பல துண்டுகளைப் பசை போட்டு ஒட்டி, முதுகுப்பக்கத்தைக் குடைந்து எடுத்துவிடுவார்கள். எடை குறையும் என்பது ஒரு காரணம். முழுக்கட்டை காயும்போது வெடிக்கும், குடைந்தால் வெடிக்காது என்பது இன்னொன்று. பீடத்தில் மாடக்குழிக்குள் நிற்கும் புனிதருக்கு முதுகு தெரியப்போவதில்லையே!

யார் செய்தார்கள்? பெயர்கள் கிடைக்கின்றனவா?

பெரும்பாலும் இல்லை. மெக்சிகோ நகரில் பிரான்சிஸ்கன் துறவி பேத்ரோ தெ காந்தே நடத்திய பள்ளியில் பூர்வகுடி இளைஞர்கள் ஓவியமும் மரவேலையும் கற்றார்கள். கல்லில் தெய்வம் செதுக்கிய பரம்பரைக்கு உளி புதிதா என்ன? இரும்புக் கருவியும் ஐரோப்பிய மாதிரியும்தான் புதிது.

16ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலேயே கைவினைக் குழுமங்களுக்கான விதிகள் வந்துவிட்டன: ஓவியர், பொன்வேலைக்காரருக்கு 1557இல், தச்சர், செதுக்குவோருக்கு 1568இல். வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். சிற்பி செதுக்கி, வண்ணம் பூசாத வெறும் மரமாகக் கொடுத்துவிடுவார். வெள்ளைப் பூச்சு, தங்கம், தோல் நிறம் எல்லாம் இன்னொரு பட்டறை. ஆக ஒரு சுரூபத்துக்குக் குறைந்தது இரண்டு கைகள், பல சமயம் நாலைந்து. 'இதைச் செய்தவர் யார்' என்ற கேள்விக்கு ஒற்றைப் பெயரில் பதில் எதிர்பார்ப்பதே பொருந்தாது.

பெயர் தெரிந்தவர்களும் உண்டு. வெசொத்சிங்கோ மடாலயத்தின் பெரிய பீட அமைப்புக்கு 1580களில் ஓவியம் தீட்டியவர் பிளாண்டர்ஸ் நாட்டு சிமோன் பெரெய்ன்ஸ். சிற்பங்கள் பேத்ரோ தெ ரெக்கேனாவின் வேலை. 18ஆம் நூற்றாண்டுப் புவெப்லா நகரில் கோரா குடும்பம் கோலோச்சியது. பெரியவர் ஹொசே அந்தோனியோ வில்லேகாஸ் கோரா. அவரது மருமகன் முறையான சகாரியாஸ் கோராவின் புனித கிறிஸ்தோபர் சுரூபம் அந்நகரத்து சான் கிறிஸ்தோபல் ஆலயத்தில் இருக்கிறது. குவாத்தமாலா பட்டறைகளுக்கும் அப்போது தனி மதிப்பு.

உடை தங்க ஜரிகைப் பட்டு போலத் தெரிகிறதே, அது மரமா?

மரம்தான். 'எஸ்தொஃபாதோ' என்ற இந்த வேலையைப் படிப்படியாகத் தெரிந்துகொண்டால் சுரூபத்தைப் பார்க்கும் கண்ணே மாறிவிடும்.

முதலில் மரத்தின் முடிச்சுகளையும் இணைப்புகளையும் துணி ஒட்டி மறைப்பார்கள். பிறகு விலங்குத் தோலைக் காய்ச்சிய பசையில் வெள்ளைச் சுண்ணப்பொடியைக் கலந்து, சூடு ஆறாமல், பல பூச்சு. ஒவ்வொன்றும் காய்ந்ததும் தேய்ப்பு. இந்த வெள்ளைப் படலம் கண்ணாடி போல வழவழப்பானால்தான் மேற்கொண்டு வேலை. அதன் மேல் சிவந்த களிமண்ணை மை போல அரைத்துப் பூசுவார்கள். தங்கத்துக்குக் கதகதப்பான நிறம் தருவது அடியிலிருக்கும் இந்தச் சிவப்புதான். பழைய சுரூபங்களின் முழங்கால், பாத விளிம்புகளில் தங்கம் தேய்ந்து செம்மண் எட்டிப்பார்ப்பதை நீங்களே காணலாம்.

அப்புறம் தங்கத்தாள். மூச்சுக்காற்றுக்கே பறந்துவிடும் மெல்லிசு. ஈரப்படுத்திய களிமண் மேல் தாளைப் படியவைத்து, முழுதாக உலர்வதற்குள் பதம் பார்த்து அகேட் கல்லால் தேய்ப்பார்கள்; பழங்காலத்தில் நாயின் கோரைப்பல்லும் இதற்கு உதவியது. தேய்த்ததும் மரம் உலோகமாகிவிடும்.

இந்த இடத்தில்தான் பார்ப்பவர் பதைபதைப்பார். அத்தனை பாடுபட்டுப் பளபளக்க வைத்த தங்கத்தின் மேல், முட்டை மஞ்சள் கருவில் குழைத்த நீலமோ சிவப்போ பச்சையோ பூசி அதை முழுக்க மூடிவிடுவார்கள்! நிறம் காய்ந்த பிறகு கூர்மழுங்கிய குச்சியால் கீறிக் கீறிக் கொடியும் பூவும் இலையும் வரைவார்கள். கீறிய இடத்திலெல்லாம் அடியிலிருக்கும் தங்கம் வெளிவரும். அதன் மேல் சின்ன உளிகளால் புள்ளி குத்தினால் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியாக மின்னும். மின்விளக்கு போட்ட ஆலயத்தில் இந்த வேலையின் பாதி அழகு போய்விடுகிறது. அசையும் சுடருக்காகச் செய்த வேலை அது.

முகம் ஏன் இத்தனை உயிரோட்டமாக இருக்கிறது?

முகத்துக்கும் கைக்கும் தங்கம் கிடையாது, எண்ணெய் வண்ணம். ஈய வெள்ளையும் சிந்தூரமும் கலந்த தோல் நிறத்தைப் பூசி, நனைத்த ஆட்டுச் சவ்வால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவது ஒரு முறை. பளபளப்பின்றி விடுவது இன்னொன்று. கன்னச் சிவப்பு, கண்ணைச் சுற்றிய கருமை, தாடி மழித்த பசுமை என்று எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

கண்கள் 17ஆம் நூற்றாண்டிலிருந்து பெரும்பாலும் கண்ணாடி. முன்பக்கத்திலிருந்து பொருத்த முடியாது. ஆகவே செதுக்கி முடித்த தலையிலிருந்து முகத்தை முகமூடி போல அறுத்தெடுத்து, உள்ளே குடைந்து, பின்பக்கத்திலிருந்து கண்ணைப் பதித்து, மறுபடி ஒட்டிவிடுவார்கள். காதுக்கு முன்னால் மேலிருந்து கீழாக ஓடும் மெல்லிய விரிசல் தெரிந்தால், அது பெரும்பாலும் அந்த ஒட்டுதான். இமைக்கு உண்மையான மயிர், தலைக்குச் சவுரி, கண்ணீருக்குக் கண்ணாடித் துளி. பல் எலும்பிலோ தந்தத்திலோ இருக்கும்.

சில நேரம் மனிதப் பல்லே. மெக்சிகோ மாநிலத்தின் சான் பர்தோலோ குவவுத்லால்பான் ஊரில் 'பொறுமையின் ஆண்டவர்' என்றொரு 18ஆம் நூற்றாண்டுச் சுரூபம் உண்டு. அடிபட்டுச் சிலுவைக்குக் காத்திருக்கும் கிறிஸ்து. தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனத்தின் சீரமைப்பாளர்கள் அதை எக்ஸ்-ரே எடுத்தபோது வாய்க்குள் எட்டு உண்மையான மனிதப் பற்கள் வேரோடு இருப்பது தெரிந்தது. 2014இல் செய்தி வெளிவந்தது. பக்தர் யாரோ நேர்ந்து கொடுத்திருக்கலாம் என்பது அவர்களது ஊகம். எனக்கு வியப்பாக இருப்பது வேறு விஷயம்: வேர்கள் வெளியே தெரியவே தெரியாது. பார்வைக்காக மட்டும் என்றால் எலும்புப் பல்லே போதுமே.

தந்தத்தில் முகம் உள்ள சுரூபங்களும் இருக்கின்றன. யானை இல்லாத நாட்டில் தந்தம் எப்படி?

மணிலாவிலிருந்து. 1565 முதல் 1815 வரை பிலிப்பைன்ஸுக்கும் அகாபுல்கோ துறைமுகத்துக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. மணிலாவில் குடியேறிய சீனக் கைவினைஞர்கள் செதுக்கிய தந்த முகங்களும் கைகளும் அந்தக் கப்பல்களில் வந்தன. மெக்சிகோவில் அவற்றுக்கு மர உடம்பு செய்து பொருத்திக்கொண்டார்கள். சில மாதா முகங்களில் கண்கள் சற்றே சாய்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

சோளத்தட்டையில் செய்த கிறிஸ்து என்கிறார்களே, அது உண்மையா?

உண்மை. மெக்சிகோவுக்கே உரியது என்று துணிந்து சொல்லக்கூடிய சிற்பமுறை இதுதான். மிச்சோவாகான் பகுதியின் புரேபெச்சா மக்களிடமிருந்து வந்தது. போருக்குப் போகும்போது தங்கள் தெய்வங்களையும் தூக்கிச் செல்வதற்காக எடையில்லாமல் செய்யக் கற்றிருந்தார்கள் என்று பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன.

மக்காச்சோளத் தட்டையின் தோலை உரித்து, உள்ளிருக்கும் வெண்மையான சோற்றைக் காயவைத்துப் பொடியாக்குவார்கள். அதை ஆர்க்கிட் செடியின் கிழங்கிலிருந்து எடுத்த பசையோடு பிசைந்தால் மாவு தயார். கட்டுகளாகக் கட்டிய தட்டையும் காகிதமும் உள்கூடு. விரல்களுக்குள் இறகுத் தண்டு. முகம், கை போன்ற நுணுக்கமான இடங்களுக்குக் கொலொரின் மரம். இந்தக் கூட்டின் மேல் மாவை அப்பி உருவம் கொடுத்து, மேலே வழக்கமான வெள்ளைப் பூச்சும் தோல் நிறமும். ஆள் உயரச் சிலுவை நாதர் சில கிலோவுக்குள் அடங்கிவிடுவார். ஒருவரே தூக்கிக்கொண்டு பவனி போகலாம்.

மிச்சோவாகானின் முதல் ஆயர் வாஸ்கோ தெ கிரோகா இந்தக் கலையை ஆதரித்தார். பாட்ஸ்குவாரோ நகரின் ஆரோக்கிய மாதா அவர் காலத்தது. ஹலிஸ்கோ மாநிலத்தின் சபோபான் மாதாவும் சோளத்தட்டைதான். அந்தச் சின்னஞ்சிறு சுரூபம் ஆண்டில் பல மாதங்கள் குவாதலஹாரா நகரத்துப் பங்கு ஆலயங்களைச் சுற்றிவிட்டு, அக்டோபர் 12 அன்று லட்சக்கணக்கானோர் புடைசூழ வீடு திரும்புகிறது. 2018இல் யுனெஸ்கோ அந்தப் பவனியைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஸ்பெயினுக்கும் இந்தச் சுரூபங்கள் ஏற்றுமதியாயின. கனரித் தீவுகளின் தெல்தே ஊரில் இன்றும் ஒன்று வழிபாட்டில் இருக்கிறது.

உள்கூட்டுக்குக் காகிதம் போட்டார்கள் என்றேன் அல்லவா? மெக்சிகோ நகரின் தெற்கே மெக்சிகால்சிங்கோ ஆலயத்தின் கிறிஸ்துவை 1940களில் அபெலார்தோ கரீயோ இ கரியெல் ஆராய்ந்தபோது, உள்ளே மடித்துத் திணிக்கப்பட்டிருந்தவை பூர்வகுடி முறையில் வரைந்து எழுதிய பழைய வரிக்கணக்கு ஏடுகள் என்று தெரிந்தது. பயனற்றுப் போன கணக்குத் தாள் ஆண்டவரின் உடம்புக்குள் போய் அமர்ந்து தப்பித்துவிட்டது. வெளியே இருந்த ஏடுகள் எத்தனை மிஞ்சின என்று யோசித்தால் இதன் அருமை புரியும்.

உடுப்பைத் தூக்கிப் பார்த்தால் உடம்பே இருக்காதாமே?

தூக்கிப் பார்க்காதீர்கள், ஆனால் பல சுரூபங்களுக்கு அது உண்மைதான். முகமும் கைகளும் மட்டும் செதுக்கி, இடுப்புக்குக் கீழே நாலைந்து பலகைச் சட்டங்களைக் கூம்பு போல அடித்துவிடுவார்கள். மேலே பட்டுப் பாவாடை, மேலங்கி, சவுரி, கிரீடம். செலவு குறைவு, எடை குறைவு, திருநாளுக்குத் திருநாள் உடை மாற்றலாம். வியாகுல மாதா சுரூபங்களில் பெரும்பாலானவை இப்படித்தான்.

முழுதாகச் செதுக்கிய சுரூபத்துக்கும் பிற்காலத்தில் உடுப்பு மாட்ட ஆசைப்பட்டார்கள். துணி சரியாக விழவில்லை என்றால் உளியை எடுத்துத் தோளையும் இடுப்பையும் செதுக்கித் தள்ளிவிட்டார்கள். மேலே சொன்ன பாட்ஸ்குவாரோ மாதாவுக்கே இது நடந்தது. இன்றைய கண்ணுக்கு அநியாயம். ஆனால் செய்தவர்கள் பழிகாரர்கள் அல்லர். தாய்க்குப் புதுப்புடவை எடுத்தவர்கள்.

உடை மாற்றுவதற்கும் முறை உண்டு. மாதாவுக்குப் பெண்கள் மட்டுமே, கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுவது பல ஊர்களில் வழக்கம்.

கை மடங்கும் கிறிஸ்து எதற்கு?

பெரிய வெள்ளிக்கு. தோளில் தோல் பட்டையோ கீலோ வைத்திருப்பார்கள். காலையில் சிலுவையில் கை விரித்துத் தொங்குவார். மாலையில் ஆணியைப் பிடுங்கி, கைகளை உடம்போடு மடக்கி, கண்ணாடிப் பெட்டியில் கிடத்தி ஊர்வலம். சிலவற்றுக்குக் கழுத்தும் அசையும். ஆணி பிடுங்கியதும் தலை சாயும்போது கூட்டத்தில் எழும் விம்மல்தான் அந்தக் கீலின் நோக்கம்.

ஏன் இத்தனை ரத்தம்?

'அஸ்டெக் நரபலியின் எச்சம்' என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதே காலத்தில் ஸ்பெயினின் வய்யதோலித் நகரில் கிரிகோரியோ ஃபெர்னாந்தெஸ் செதுக்கிய இறந்த கிறிஸ்துவைப் பாருங்கள்: கொம்பில் நகம், தக்கையில் பிளந்த காயம், கண்ணாடிக் கண். பார்ப்பவரை அழவைக்க வேண்டும், மனம் திருந்த வைக்க வேண்டும் என்பது அக்காலக் கத்தோலிக்கத்தின் பொதுப் போக்கு. மெக்சிகோ சிற்பிகள் அதை இன்னும் தூக்கலாகச் செய்தார்கள். சில சுரூபங்களின் பிளந்த விலாவில் நிஜ எலும்பே தெரியும். பூர்வகுடிகளுக்குக் குருதியைப் பற்றிச் சொந்தமான எண்ணங்கள் இருந்திருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் மாதிரி கடல் தாண்டி வந்தது.

பீடத்துக்குப் பின்னால் பழைய தெய்வங்களை ஒளித்து வைத்தார்களா?

ஒளித்தார்கள் என்று துறவிகளே 16ஆம் நூற்றாண்டில் புலம்பி எழுதியிருக்கிறார்கள்: சிலுவையின் அடியிலும் பீடத்துக்குள்ளும் சிலைகளைப் புதைத்துவிட்டு, சிலுவையை வணங்குவது போல அவற்றை வணங்குகிறார்கள் என்று. அந்த அச்சத்தில்தான் 1555இல் கூடிய முதல் மெக்சிகோ திருச்சபை மன்றம், தேர்வு பெறாத எவரும் புனிதர் உருவங்களைத் தீட்டக்கூடாது என்று விதித்தது. அதற்காக ஒவ்வொரு சுரூபத்துக்குள்ளும் ஒரு அஸ்டெக் தெய்வத்தைத் தேடுவது வீண் வேலை. எக்ஸ்-ரேயில் சிக்குவது பெரும்பாலும் ஆணிதான்.

புனிதர்களை எப்படி அடையாளம் காண்பது?

கையில் இருப்பதைப் பாருங்கள். சாவி என்றால் ராயப்பர் (பேதுரு), வாள் என்றால் சின்னப்பர் (பவுல்), தட்டில் இரு கண்கள் என்றால் லூசியா, காலடியில் நாய் என்றால் ஆரோக்கியநாதர். வெள்ளைக் குதிரையில் வாளோங்கி வருபவர் சந்தியாகப்பர் (யாக்கோபு). ஸ்பெயினில் அவருடைய குதிரைக்கு அடியில் கிடந்தவன் முஸ்லிம் வீரன். மெக்சிகோவுக்கு வந்ததும் சில இடங்களில் அது பூர்வகுடி வீரனாக மாறியது. மிதிபட்டவர்களின் பேரப்பிள்ளைகளே பிறகு அவருக்கு ஊர்தோறும் திருவிழா எடுத்தார்கள். உழவர்களின் புனிதர் இசிதோருக்கு ஏர், காளை, உழுது தரும் சம்மனசு (வானதூதர்). மே 15 அவர் நாள், மழைக்காலம் தொடங்கும் நேரம்.

சான் ஹுவான் சமுலாவில் புனிதர்கள் கழுத்தில் ஏன் கண்ணாடி?

சியாப்பாஸ் மலையில் சோட்சில் மாயா மக்களின் ஊர் இது. ஆலயத்தில் அமரப் பெஞ்சு கிடையாது. தரை முழுக்கப் பைன் இலை, அதன் நடுவே நேரடியாகத் தரையில் நட்ட நூற்றுக்கணக்கான மெழுகுவத்திகள், வேண்டிக்கொள்பவர் பக்கத்தில் கோக்கோ கோலா பாட்டில். சுவரோரம் கண்ணாடிப் பெட்டிகளில் வரிசையாகப் புனிதர்கள், அடுக்கடுக்கான துணியோடும் நெஞ்சில் தொங்கும் முகம் பார்க்கும் கண்ணாடியோடும். பார்ப்பவரின் ஆன்மாவை அவருக்கே திருப்பிக் காட்டுகிறது என்பார்கள் சிலர், தீயதைத் திருப்பி அனுப்பும் என்பார்கள் சிலர். நடுப்பீடம் கிறிஸ்துவுக்கு அல்ல, ஊர்க் காவலர் திருமுழுக்கு அருளப்பருக்கு (யோவான் ஸ்நானகருக்கு).

அங்கே சொல்லப்படும் இன்னொரு கதை: செபஸ்தியார் ஆலயம் எரிந்துபோனபோது, அதைக் காக்கத் தவறிய புனிதர்களை இங்கே கொண்டுவந்து தண்டனையாக நிறுத்திவைத்தார்களாம். புனிதர் வேலை செய்யவில்லை என்றால் கணக்குக் கேட்கலாம் என்ற உரிமை. நல்ல வரன் கிடைக்கும் வரை அந்தோணியாரைத் தலைகீழாக நிறுத்துவதும் இதே வகைதான்.

கோயிலில் இல்லாமல் வீட்டில் வசிக்கும் குழந்தை இயேசு ஒன்று உண்டாமே?

மெக்சிகோ நகரின் தெற்கே சோச்சிமில்கோவில் இருக்கும் நின்யோபா. நானூறு ஆண்டுக்கு மேற்பட்டதாகக் கருதப்படும் மரக் குழந்தை. அதற்கு நிரந்தர ஆலயம் இல்லை. ஒவ்வொரு ஆண்டும் பிப்ரவரி 2 அன்று, குழந்தை இயேசுவைக் கோயிலில் காணிக்கையாக்கிய திருநாளில், ஒரு குடும்பத்திடமிருந்து அடுத்த குடும்பத்துக்குக் கைமாறும். பொறுப்பேற்கும் குடும்பம் தனி அறை ஒதுக்கி, வருகிறவர்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டு, இரவில் உடை மாற்றித் தூங்கவைக்க வேண்டும். இதற்காகக் காத்திருப்போர் பட்டியல் பல பத்தாண்டு நீளம். பதிவு செய்தவர் இறந்து பிள்ளைக்கு முறை வருவதும் உண்டு. குழந்தை என்பதால் காணிக்கை பொம்மைகள். அவ்வப்போது தேசிய நிறுவனத்தின் சீரமைப்பாளர்கள் வந்து சோதிக்கும்போது, குழந்தையை மருத்துவரிடம் காட்டுவதாகவே குடும்பத்தார் பேசிக்கொள்கிறார்கள்.

சகாதேகாஸ் மாநிலத்துப் பிளதேரோஸ் ஊரின் அதோச்சா குழந்தை இயேசுவுக்குக் காணிக்கை காலணி. இரவெல்லாம் உதவி தேடுவோரிடம் நடந்து போய்ச் செருப்பு தேய்ந்துவிடுகிறதாம்.

சுரூபங்களில் குத்தியிருக்கும் சின்ன உலோகக் கால், கை, இதயம் என்ன?

நேர்த்திக்கடன். நம் அம்மன் கோயில் உண்டியலில் விழும் கண்மலர் மாதிரி. நோய் தீர்ந்த உறுப்பைத் தகட்டில் செய்து புனிதரின் உடையில் குத்திவிடுவார்கள். அழகுதான், ஆனால் முந்நூறு ஆண்டுப் பட்டும் பூச்சும் ஊசியால் சல்லடையாகிவிடுவது சீரமைப்பாளர்களின் தலைவலி.

கறுப்புக் கிறிஸ்து ஏன் கறுப்பு?

சில தொடக்கத்திலேயே கருமையாகத் தீட்டப்பட்டவை. பலவற்றில் மெழுகுவத்திப் புகையும் கருத்துப்போன வார்னிஷும் காரணம். மெக்சிகோ நகரப் பேராலயத்தில் 'விஷத்தின் ஆண்டவர்' இருக்கிறார்: ஒருவர் தினமும் முத்தமிடும் அவரது பாதத்தில் எதிரி விஷம் தடவ, அதை ஆண்டவர் தாமே உறிஞ்சிக் கறுத்தார் என்பது கதை. வேராகுருஸ் மாநிலத்து ஒதத்தித்லான் ஊரின் கறுப்புக் கிறிஸ்துவுக்கு நேர்ந்தது கதையல்ல. 1931இல் மத எதிர்ப்பாளர்கள் அதை எரிக்கப் பார்த்து, தலையை அறுத்தெடுத்தார்கள். தலை பிறகு ஊர் திரும்பியது. மே 3 திருவிழாவுக்கு இன்றும் கூட்டம் அலைமோதுகிறது.

எவ்வளவு அழிந்தது?

அளந்து சொல்ல முடியாத அளவு. அழித்தவர்கள் வரிசையில் முதலில் நிற்பது மத எதிர்ப்பாளர்கள் அல்லர், ரசனை மாறிய குருக்கள்! 1780களில் சான் கார்லோஸ் கலைக்கழகம் வந்த பின் கிரேக்க பாணித் தூண்களும் வெள்ளைக் கல்லும் நாகரிகமாகின. தங்க மரப் பீடங்கள் பட்டிக்காட்டுத்தனம் என்று பிரித்தெடுக்கப்பட்டன. தங்கத்தை மீட்க எரித்தவர்களும் உண்டு. 1859இல் சீர்திருத்தச் சட்டங்கள் மடங்களை மூடின, சுரூபங்கள் சிதறின. 1920, 30களில் தபாஸ்கோ மாநில ஆளுநர் தொமாஸ் கரீதோ கனபல் புனிதர் உருவங்களைக் குவித்து எரிக்கச் செய்தார். அதே காலத்தில், 1926 முதல் 1929 வரை கத்தோலிக்கர்கள் அரசின் மத ஒடுக்குமுறையை எதிர்த்து நடத்திய கிறிஸ்தேரோ போரின்போது, பல ஊர்களில் சுரூபங்கள் வீட்டுச் சுவருக்குள்ளும் கிணற்றடியிலும் ஒளிந்து பிழைத்தன.

அப்புறம் நெருப்பு. 1967 ஜனவரியில் மின்கசிவால் மெக்சிகோ நகரப் பேராலயத்தின் 'மன்னிப்புப் பீடம்' பற்றி எரிந்தது. 2017 செப்டம்பர் நிலநடுக்கங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்களைச் சேதப்படுத்தின. கூரையோடு சுரூபங்களும் விழுந்தன.

இவை யாருக்குச் சொந்தம்?

சட்டப்படி நாட்டுக்கு. 1917 அரசியல் சட்டம் ஆலயங்களை நாட்டுடைமை ஆக்கியது. 1992 திருத்தத்துக்குப் பிறகு திருச்சபை புதிதாகச் சொத்து வாங்கலாம்; பழையவை நாட்டுடையவையாகவே நீடிக்கின்றன. 1972 நினைவுச்சின்னச் சட்டமும் இருக்கிறது: 16 முதல் 19ஆம் நூற்றாண்டு வரையிலான வழிபாட்டுப் பொருள்களைப் பழுதுபார்க்கக்கூடத் தேசிய நிறுவனத்தின் அனுமதி வேண்டும். ஏட்டில் அப்படி. ஊர்க்காரர்களிடம் கேட்டால் 'எங்களுடையது' என்பார்கள். சாவியும் அவர்கள் கையில்தான். சீரமைக்கவே ஆனாலும் புனிதரை ஊரைவிட்டு அனுப்பச் சம்மதிக்காத ஊர்கள் உண்டு. நியாயமான பயம், ஏனென்றால் சுரூபத் திருட்டு அங்கே நீண்டகாலத் தொல்லை. அதனால் சீரமைப்பாளர்களே ஆலயத்தின் ஓர் அறையில் பட்டறை போட்டுக்கொள்கிறார்கள்.

பழுதானால் என்ன செய்கிறார்கள்?

இங்கேதான் சண்டை. பக்தருக்குப் புனிதர் பளிச்சென்று இருக்க வேண்டும். திருநாளுக்கு முன் உள்ளூர்ப் பெயிண்டர் வந்து எனாமல் பூசிவிடுவார்; அடியில் மூன்று நூற்றாண்டுத் தங்கக் கீறல் வேலை மூச்சுமுட்டிக் கிடக்கும். சீரமைப்பாளருக்கோ எஞ்சிய பழைய படலம்தான் பொக்கிஷம். கத்தியும் கரைப்பானும் கொண்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக மேற்பூச்சை அகற்றுகிறார். பூச்சிக்குப் பூச்சிமருந்துக்குப் பதிலாக, காற்றுப்புகாத உறைக்குள் சுரூபத்தை வைத்து ஆக்சிஜனை வெளியேற்றி நைட்ரஜன் நிரப்பும் முறை இருக்கிறது. மரத்துக்குக் கெடுதல் இல்லை.

எனாமல் பூசியவரைத் திட்டுவது எளிது. ஆனால் 17ஆம் நூற்றாண்டிலும் இதே கதைதான். இஸ்மிகில்பான் பகுதியில் அரித்துக் கறுத்துப்போன ஒரு கிறிஸ்துவைப் புதைத்துவிடும்படி பேராயர் சொன்னார். ஊரார் தாமதித்தார்கள். 1621இல் அது தானாகவே புதுப்பொலிவு பெற்றது என்று அறிவிக்கப்பட்டு, மெக்சிகோ நகருக்குப் பெருமரியாதையோடு கொண்டுபோகப்பட்டது. புதிதாகத் தெரிவதுதான் அற்புதம். பழையதாகத் தெரிவதை யாரும் கொண்டாடவில்லை.

வீட்டுக் குழந்தை இயேசுக்களுக்கு மெக்சிகோ நகரின் தலவேரா தெருவில் பழுதுபார்க்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உடைந்த விரல், உதிர்ந்த இமை எல்லாம் மாற்றித் தருவார்கள். பிப்ரவரி 2 நெருங்கினால் அங்கே கால்வைக்க இடமிருக்காது.

பழைய சுரூபம் ஒன்றை வாங்கி வரலாமா?

வேண்டாம். பழையது என்று சொல்லி விற்பதில் ஒரு பகுதி போலி. போலியில்லாதது திருடப்பட்டதாக இருக்க வாய்ப்பு அதிகம். அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோவது குற்றம். ஆசையென்றால் இன்றைய சிற்பிகளிடம் புதிது வாங்கலாம். பாட்ஸ்குவாரோவில் சோளத்தட்டைச் சுரூபம் செய்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

போனால் எங்கே பார்ப்பது?

ஒரே நாள்தான் என்றால் மெக்சிகோ நகருக்கு வடக்கே தெபோசோத்லான். இயேசு சபையாரின் பழைய கல்லூரி, 1964 முதல் வைஸ்ராய் காலத் தேசிய அருங்காட்சியகம். 1750களின் தங்கப் பீடங்கள் இடத்தை விட்டு அசையாமல் அப்படியே நிற்கின்றன. 16ஆம் நூற்றாண்டு வேலை வேண்டுமென்றால் சோச்சிமில்கோவின் சான் பெர்னார்தினோ ஆலயமும் வெசொத்சிங்கோவும். நகரப் பேராலயத்தில் ஹெரோனிமோ தெ பால்பாஸ் 1718 முதல் 1737 வரை எழுப்பிய 'அரசர் பீடம்' முன்னால் கழுத்து வலிக்க நின்றுதான் ஆக வேண்டும்.

சின்ன ஊர்களில் ஆலயம் பூட்டியிருந்தால் பக்கத்துக் கடையில் கேளுங்கள். சாவி வைத்திருப்பவர் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள். சமுலாவில் ஆலயத்துக்குள் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது, இதில் அவர்கள் கண்டிப்பு. ஒரு சின்னக் கைவிளக்கு கொண்டுபோனால் நல்லது. நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடியுங்கள். மேலங்கியின் கீறல் கோடுகளும் காதோரத்து ஒட்டும் அப்போதுதான் புலப்படும்.